முதலில் அறிந்தவர்

பொதுத் தூய்மைத் துறையில் யாரும் வேலை செய்வதில்லை என்று சொல்வது அபாண்டம். அவர்கள் நாளெல்லாம் உழைக்கிறார்கள். ஊரில் எங்கே என்ன நாறுகிறது என்பது தங்களுக்குத் தெரிந்துவிடாமல் பார்த்துக்கொள்வது லேசுப்பட்ட வேலையா? அதற்கென்று ஒரு சட்டம், அந்தச் சட்டத்தைக் காக்க ஒரு ஆணையர், அவரைக் காக்க ஒரு கட்டடம் நிறைய ஆட்கள். மாஸ்டருக்கு இதெல்லாம் தெரியாது. ஊருக்குப் புதுசு.

மாஸ்டர் ரொட்டிக்கடையில் மாவு பிசைகிறவர். எல்லோரும் அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, வீட்டில் பெண்டாட்டியே சில சமயம் ‘மாஸ்டர்’ என்று அழைத்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வாள். அவர்கள் குடிவந்தது ஒரு வரிசை வீட்டுக்கு. ஒரே கூரையின் கீழ் ஆறு வாசல். எல்லோருக்கும் பொதுவாகப் பின்பக்கம் துறை கட்டிக்கொடுத்த இரண்டு கழிப்பறைகள், முன்பக்கம் ஒரு குழாய். குழாயில் தண்ணீர் மேலே ஏறாது என்பதால் தரையில் குழி வெட்டி, அதற்குள் குழாயை இறக்கி வைத்திருந்தார்கள். குழிக்குள் குடத்தை இறக்கி, இடுப்பு ஒடியக் குனிந்துதான் பிடிக்க வேண்டும். கழிப்பறைத் தொட்டி விரிசல் விட்டு எத்தனையோ காலமாகியிருந்தது. அதிலிருந்து கசிந்தது சுவரோரமாக ஊர்ந்து வந்து, ஆறு வாசலையும் நலம் விசாரித்துவிட்டு, கடைசியில் குழாய்க் குழிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

அது என்ன என்று ஆறு வீட்டுக்கும் தெரியும். ஆனால் யாரும் பேரைச் சொல்ல மாட்டார்கள். ‘ஈரம்’ என்பார்கள். “பாத்து வாங்க, வாசல்ல கொஞ்சம் ஈரமா இருக்கு” என்றுதான் வருகிறவர்களைக் கூப்பிடுவார்கள். சொட்டு மழை இல்லாத வெயில் காலத்திலும் அந்த ஈரம் காயவில்லை. மேலே பலகை போட்டிருந்தார்கள். பலகையில் நடக்கும்போது கீழே பார்க்காமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு நடக்க எல்லோரும் பழகியிருந்தார்கள். மாஸ்டர்தான் கீழே பார்த்து நடந்தார்.

குடிவந்ததிலிருந்து மாஸ்டரின் மகள் பாப்பாவுக்கு வயிறு சரியில்லை. வயிற்றால் போவதும் வாந்தி எடுப்பதுமாக இருந்தாள். கொஞ்சம் தேறுவாள், திரும்பவும் படுத்துக்கொள்வாள். ஒரு நாள் கண் உள்ளே போய், கூப்பிட்டால் திரும்பக்கூட இல்லை. தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். டாக்டர் ஊசி போட்டுவிட்டு, “தண்ணிய மாத்துங்க” என்றார். சொன்னவுடன் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, “நான் ஒண்ணும் சொல்லல” என்றார்.

மறுநாள் மாஸ்டர் துறை அலுவலகத்துக்குக் கிளம்பினார். முதல் வீட்டு டெய்லரக்கா மிஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள்.

“ஆபீசுக்கா மாஸ்டர்? எதுக்கு வம்பு? ஈரம்தானே. அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகுது.”

“புள்ள படுத்துக் கெடக்காக்கா.”

“எம்பொண்ணும்தான் அப்பப்ப படுக்குது. நான் எங்கயாவது போய்ச் சொன்னனா?”

அலுவலகம் பளிச்சென்றிருந்தது. வாசலில் கை கழுவும் தொட்டி ஒன்று, திறப்பு விழாவுக்குக் கட்டிய ரிப்பன்கூட அவிழ்க்காமல் நின்றது. அதற்குக் குழாய் இணைப்பு தரவில்லை. தந்தால் ஈரமாகிவிடுமாம். சுவரில் ‘புகாரில்லா வட்டம்’ என்று பொறித்த கேடயம் மாட்டியிருந்தது.

“புகாரா!” என்று வட்டார அலுவலர் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். அபூர்வமான பறவையைப் பார்ப்பதுபோல் மாஸ்டரைச் சுற்றி வந்து பார்த்தார். “இந்த வட்டத்துல புகாரே கெடையாதே! சரி, சொல்லுங்க. நீங்க கண்ணால பாத்தீங்களா?”

“தெனம் பாக்கறேன் சார். அதத் தாண்டித்தான் வேலைக்குப் போறேன்.”

“மூக்கால?”

“அதுவும்தான்.”

“உங்களுக்கு முன்னாடி வேற யாராவது பாத்ததாச் சொல்லியிருக்காங்களா?”

“அங்க யாருமே வாயத் தொறக்க மாட்டேங்கறாங்க சார்.”

“அப்ப நீங்கதான் முதலில் அறிந்தவர். வாழ்த்துகள்” என்று அலுவலர் கைகுலுக்கினார். பிறகு கையை ஒரு துணியில் துடைத்துக்கொண்டு சட்டத்தை விளக்கினார். பொது இடத்தில் உள்ள சீர்கேட்டை முதலில் எவர் அறிகிறாரோ, அது நீங்கும்வரை அவரே அதற்குப் பொறுப்பாளர். அவ்வளவுதான் சட்டம். சின்னக் குழந்தைக்கும் புரியும் என்றார்.

மாஸ்டருக்குப் புரியவில்லை.

“முன்னாடி இந்தச் சட்டம் இல்லாம நாங்க பட்ட பாடு கொஞ்சமா?” என்று அலுவலர் உருகிப்போய்ச் சொன்னார். “காலைல கதவத் தொறக்கறதுக்குள்ள கூட்டம் நிக்கும். சாக்கடை அடைச்சிருக்கு, குப்பை அள்ளல, கழிப்பறைல கதவு இல்லன்னு. ஒண்ண சரி பண்ணா ஒன்பது பேரு வருவான். கடைசில ஒரு கமிட்டி போட்டாங்க. பெரிய பெரிய ஆளுங்க. எங்கெல்லாம் புகார் வருதோ அங்கெல்லாம்தான் சீர்கேடு இருக்குன்னு கண்டுபிடிச்சாங்க. எவ்வளவு நுட்பம் பாருங்க! புகார நிறுத்தினோம். சீர்கேடு நின்னுபோச்சு.”

“அப்ப எங்க வாசல்ல ஓடறது?”

“அது நீங்க சொன்னதுக்கு அப்புறம் வந்தது.”

“நான் சொன்னதால இப்ப உங்களுக்கும் தெரிஞ்சுபோச்சே சார்? நீங்களும் பொறுப்புதான?”

அலுவலர் பொறுமையாகச் சிரித்தார். “நான் கேள்விப்பட்டிருக்கேன். கேள்விப்படறது வேற, அறியறது வேற. நான் பாக்கல. பாக்கவும் மாட்டேன். அந்த விஷயத்துல நான் ரொம்பக் கண்டிப்பு.”

புகார் வந்தால் நேரில் ஆய்வு செய்தே ஆக வேண்டும் என்றும் சட்டம் சொல்லித் தொலைத்திருந்தது. அதனால் மேற்பார்வையாளர் ஒருவர் ஆய்வுக்கு வந்தார். வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு, துணி காயப்போடும் கிளிப்பை மூக்கில் மாட்டிக்கொண்டு, முதுகைக் காட்டிப் பின்பக்கமாக நடந்து வந்தார். டிரைவர் அவர் தோளைப் பிடித்து, “லெஃப்ட் சார், லெஃப்ட், இப்ப நேரா” என்று ஓட்டிக்கொண்டு வந்தான். பலகை இருக்கும் இடம் தெரியாமல் மேற்பார்வையாளரின் கால் கணுக்கால் வரை உள்ளே போயிற்று.

“ஈரம்” என்றார் மேற்பார்வையாளர், வானத்தைப் பார்த்தபடி.

“சாக்கடை சார்” என்றார் மாஸ்டர்.

“உங்களோடது” என்று சொல்லிவிட்டு, கொண்டுவந்த பெயர்ப்பலகையை டிரைவரிடம் கொடுத்து நடச் சொன்னார். அரசாங்க எழுத்தில், நல்ல பெயின்டில் எழுதியிருந்தது: ‘இச்சீர்கேட்டின் பொறுப்பாளர், இரண்டாம் வீட்டு மாவு மாஸ்டர்.’ மாஸ்டர் தன் வாழ்நாளில் ஒரு பெயர்ப்பலகையில் ஏறியது அதுதான் முதல் தடவை. அவருக்கு அவமானத்தில் காது மடல் சுட்டது.

சரி, நம் தலையில் விழுந்தாயிற்று, நாமே அடைத்துவிட்டுப் போவோம் என்று அவர் லீவு நாளில் சிமென்ட் குழைத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் போனார். மாவு பிசைகிற கைக்கு சிமென்ட் ஒரு பொருட்டா? விரிசலில் முதல் கை வைப்பதற்குள் மேற்பார்வையாளர் வந்துவிட்டார். இந்த முறை நேராகவே ஓடிவந்தார்.

“கைய எடுங்க! அரசாங்கத் தொட்டி. தனி ஆள் தொடக் கூடாது.”

“பொறுப்பு என்னோடதுன்னு போர்டு வச்சீங்களே சார்?”

“பொறுப்பு உங்களோடது. தொட்டி எங்களோடது.”

மாஸ்டர் சிமென்ட் காயும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். கோபப்படக்கூட அவருக்குத் தோன்றவில்லை. நமக்குத்தான் ஏதோ விளங்கவில்லை என்று நினைத்துக்கொண்டார். நல்ல மனிதர்களை இப்படி நினைக்க வைப்பதற்குத்தான் துறை துறையாக ஆள் போட்டுச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

பெயர்ப்பலகை வந்த பிறகு வரிசை வீட்டாருக்குத் தைரியம் வந்துவிட்டது. மூக்கைப் பொத்திக்கொள்ள ஆரம்பித்தார்கள். கீழே பார்த்து முகம் சுளித்தார்கள். டெய்லரக்கா ஒரு காலையில் வழிமறித்தாள்.

“என்ன மாஸ்டர், உங்க சாக்கடைய எப்ப எடுக்கப்போறீங்க?”

விளையாட்டுக்குக் கேட்கிறாள் என்று மாஸ்டர் சிரிக்கப் போனார். அவள் முகத்தில் சிரிப்பில்லை.

“நேத்து வரைக்கும் ஈரம்னு சொன்னீங்களேக்கா?”

“நேத்து வரைக்கும் அது யாரோடதுன்னு தெரியாதே. உங்களால எங்க புள்ளைங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா பாத்துக்கங்க.”

அடுத்த அடி கடையில் விழுந்தது. துறைக்கு உணவுத் தூய்மைப் பிரிவு என்று ஒரு கிளை உண்டு. மற்ற பிரிவுகள் தூங்கினாலும் அது விழித்திருக்கும். சீர்கேட்டுக்குப் பொறுப்பாளரானவர் உண்ணும் பொருளைத் தொடலாகாது என்று ரொட்டிக்கடைக்கு உத்தரவு போயிற்று. முதலாளி மாஸ்டரை அடுப்புப் பக்கம் தனியாகக் கூப்பிட்டார்.

“நீ தங்கமான ஆளுய்யா. உன் கைல பிசைஞ்ச மாவு மாதிரி வராது. ஆனா சாக்கடை வச்சிருக்கியே.”

“நான் எங்க முதலாளி வச்சிருக்கேன்? அது அங்க இருக்கு.”

“எனக்குத் தெரியாதா? ஆனா தெரியும்னு சொன்னா இந்தக் கடைக்கும் ஒரு போர்டு வந்துரும். பின்னாடி நம்ம கழுவற எடத்தைப் பாத்திருக்கல்ல? போயிட்டு வா. பொறுப்பு நீங்கினதும் வா.”

அந்த வாரமே பாப்பா திரும்பவும் விழுந்தாள். இந்த முறை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துக் கையில் குழாய் மாட்டிவிட்டார்கள். பஞ்சு மாதிரி கிடந்தாள். டாக்டர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: “பொழச்சுக்குவா. ஆனா திரும்ப அந்த வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகாதீங்க. இன்னொரு தடவை இப்படி வந்தா என்னால முடியாது.” வேறு வீடு பார்க்க முன்பணம் வேண்டும். முன்பணத்துக்கு வேலை வேண்டும். வேலைக்குப் பொறுப்பு நீங்க வேண்டும். மாஸ்டர் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து இதையே சுற்றிச் சுற்றி நினைத்தார்.

வராந்தாவுக்கே வட்டார அலுவலர் தேடி வந்துவிட்டார். கேடயத்துக்கு இது தேர்வு நேரம். ஆணையர் நேரில் வருகிறார். கணக்கில் ஒரு புகார் நின்றாலும் கேடயம் பக்கத்து வட்டத்துக்குப் போய்விடும்.

“பொறுப்பு நீக்க விழா ஒண்ணு ஏற்பாடு பண்றேன்” என்றார் அலுவலர். “உங்க வாசல்லயே வச்சுக்கலாம். எல்லார் முன்னாடியும் ‘எனக்கு எந்தச் சீர்கேடும் தெரியாது’ன்னு ஒரு உறுதிமொழி. போர்டைப் பிடுங்கிடுவோம். மறுநாளே கடைக்குப் போகலாம்.”

“அதனால புள்ளைக்கு வயித்தால போகறது நிக்காதே சார்.”

“தெரியாம போனா உங்களுக்கென்ன?”

மாஸ்டர் பெண்டாட்டியைப் பார்த்தார். அவள் பாப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள்: “தெரியாதுன்னு சொல்லிடுங்க. நம்ம புள்ளைய அங்கேர்ந்து தூக்கிட்டுப் போயிரலாம்.”

விழாவுக்குச் சாக்கடையின் மேல் சிவப்புக் கம்பளம் விரித்தார்கள். கம்பளம் கொஞ்ச நேரத்தில் கருஞ்சிவப்பாயிற்று. அத்தர் தெளித்தார்கள். மேடையைக் குழாய்க் குழிக்குப் பக்கத்திலேயே போட்டார்கள், புகைப்படத்தில் குழாய் விழ வேண்டுமென்று. ரொட்டிக்கடை முதலாளி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். குழந்தைகளைத் தரையில் உட்கார வைத்தார்கள். டெய்லரக்கா மகள் நடுவில் இருந்தாள்.

ஆணையர் நல்ல பேச்சாளர்.

“நான் இந்தப் பதவிக்கு வந்த நாளிலிருந்து எந்தப் பொதுக் கழிப்பறைக்குள்ளும் காலடி எடுத்து வைத்ததில்லை” என்று தொடங்கினார். கைதட்டல். “அதனால்தான் எல்லாக் கழிப்பறைகளைப் பற்றியும் என்னால் நடுநிலையோடு பேச முடிகிறது. அசுத்தத்தைத் தேடாதீர்கள், தேடினால் கிடைத்துவிடும்! முந்தைய ஆணையர்கள் கிருமிகளை ஒழிக்கப் பார்த்தார்கள். முடிந்ததா? கிருமி கண்ணுக்குத் தெரியாது. நாங்கள் அதிலிருந்து பாடம் கற்றுக்கொண்டோம். கண்ணுக்குத் தெரிவதையும் தெரியாததாக ஆக்கிவிட்டோம்!”

பிறகு மாஸ்டரை மேடைக்கு அழைத்தார்கள். ஒலிபெருக்கி முன்னால் நின்று, மேற்பார்வையாளர் சொல்லச் சொல்ல அவர் திருப்பிச் சொன்னார். இந்த வளாகத்தில் எனக்கு எந்தச் சீர்கேடும் தெரியாது. இதற்கு முன்பும் தெரியாது. இனியும் தெரியாது. கடைசி வரியில் குரல் உடைந்தது. நெகிழ்ந்துபோய்விட்டார் என்று ஆணையர் முதுகில் தட்டிக்கொடுத்தார். டிரைவர் பெயர்ப்பலகையைப் பிடுங்கிப் போட்டான். மாஸ்டருக்குத் தன்மேல் வந்த அருவருப்பு அந்தச் சாக்கடைமேல்கூட வந்ததில்லை.

இப்படிப்பட்ட விழாக்களில் கடைசியாக ஒரு சடங்கு உண்டு. பொறுப்பு நீங்கியவர் வீட்டிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து தலைமை விருந்தினருக்குத் தர வேண்டும். அவர் குடிப்பார், படம் எடுப்பார்கள். வழக்கமாகத் துறையே பாட்டில் தண்ணீரை டம்ளரில் ஊற்றித் தயாராக வைத்திருக்கும். அன்றைக்கு டிரைவர் பலகை பிடுங்குகிற அவசரத்தில் பாட்டிலை வண்டியிலேயே விட்டுவிட்டான். மேற்பார்வையாளர் மாஸ்டர் பெண்டாட்டியிடம், “தண்ணி கொண்டாங்கம்மா” என்று கிசுகிசுத்தார்.

அவள் டம்ளரை எடுத்தாள். நேராகக் குழிக்குப் போனாள். குனிந்தாள். பிடித்தாள். வேறு தண்ணீருக்கு அவள் எங்கே போவாள்?

மேடையில் இருந்த அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள். மேற்பார்வையாளர் வாயைத் திறந்தார். ‘அந்தத் தண்ணி வேண்டாம்’ என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் ஏன் வேண்டாம் என்று ஒருவர் கேட்டுவிட்டால்? வாயை மூடிக்கொண்டார். டம்ளர் ஆணையர் கைக்கு வந்து சேர்ந்தது.

ஆணையர் அதை உயர்த்திப் பிடித்துக் கூட்டத்துக்குக் காட்டினார். உதட்டருகே கொண்டுபோனார். நிறுத்தினார். “இந்தப் பெருமை களத்தில் உழைத்த நம் வட்டார அலுவலருக்கே சேர வேண்டும்” என்று அவரிடம் நீட்டினார்.

“ஐயா, டாக்டர் என்னைத் தண்ணியே குடிக்கக் கூடாதுன்னிருக்காரு” என்று அலுவலர் மேற்பார்வையாளரிடம் தந்தார்.

“எனக்குச் சளி” என்று அவர் டிரைவரிடம் தந்தார்.

“வண்டி ஓட்டணும் சார்” என்றான் டிரைவர். தனக்குக் கீழே யார் இருக்கிறார்கள் என்று மேடையைச் சுற்றிப் பார்த்தான். யாருமில்லை. தரையில் டெய்லரக்கா மகள் உட்கார்ந்திருந்தாள்.

“ஆகா, குழந்தை!” என்று ஆணையர் முகம் மலர்ந்தார். “நாளைய சமுதாயம்! அவளே குடிக்கட்டும். படம் எடுங்கள்.”

சின்னப் பெண் இரண்டு கையாலும் டம்ளரை வாங்கிக்கொண்டாள். பின்னால் டெய்லரக்கா பாதி எழுந்துவிட்டாள். அவள் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. மாஸ்டர் அவள் கண்ணைப் பார்த்தார். ஒரு குழந்தை ஒரு டம்ளர் குடித்து முடிக்கிற நேரம் சும்மா நின்றால் போதும். நாளைக்கு வேலை. அடுத்த மாதம் வேறு வீடு. பாப்பா பிழைத்துக்கொள்வாள்.

“குடிக்காத கண்ணு!” என்று கத்திக்கொண்டு மாஸ்டர் மேடையிலிருந்து பாய்ந்து டம்ளரைத் தட்டிவிட்டார். “அது பீத்தண்ணி!”

மேடையில் அணைக்காமல் இருந்த ஒலிபெருக்கி அந்த வார்த்தையைத் தெரு முழுக்கக் கொண்டுபோயிற்று. முதல் வரிசையில் ரொட்டிக்கடை முதலாளி செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் எழுந்து போனார். போகட்டும் என்று மாஸ்டர் நினைத்தார்.

“இப்பதானய்யா தெரியாதுன்னு சொன்னே?” என்று அலுவலர் பல்லைக் கடித்தார்.

“தெரியும். அப்பவும் தெரியும். உங்களுக்கும் தெரியும். தெரியலைன்னா ஏன்யா ஒருத்தனும் குடிக்கல?”

“விழா இனிதே நிறைவுற்றது” என்று ஆணையர் வண்டியில் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

டெய்லரக்கா மகளை இழுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். கீழே உருண்ட டம்ளரை எடுத்தாள். குழிக்குப் போய்க் குனிந்து, அதை நிறையப் பிடித்தாள். வண்டிக்கு முன்னால் போய் நின்றாள். மற்ற வீட்டுப் பெண்களும் உள்ளே போய் ஆளுக்கொரு டம்ளரும் சொம்பும் எடுத்து வந்தார்கள். யாரும் கத்தவில்லை. வண்டியைச் சுற்றி நின்று, விருந்தாளிக்கு நீட்டுவதுபோல் நீட்டினார்கள்.

“குடிச்சிட்டுப் போங்க சார்.”

“எனக்குத் தாகமில்லை” என்றார் ஆணையர் கண்ணாடிக்கு உள்ளிருந்து.

“தாகம் வர்ற வரைக்கும் நிக்கறோம் சார்” என்றாள் டெய்லரக்கா.

வெயில் ஏறியது. வண்டி கொதித்தது. ஆணையர் பக்கத்திலிருந்த பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினார். வாய்க்குக் கொண்டுபோகும்போதுதான், இத்தனை பேர் தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பது உறைத்தது. பாட்டிலைத் திரும்ப மூடி வைத்தார். நாக்கால் உதட்டை நனைத்துக்கொண்டார். வேர்வை காலருக்குள் இறங்கியது. கடைசியில் தாங்க முடியாமல் கண்ணாடியை விரலளவு இறக்கினார்.

“அந்தத் தண்ணி எனக்கு வேண்டாம். அதுல...”

“ஐயா, வேணாம்!” என்று அலுவலர் பதறினார்.

ஆணையர் நிறுத்திக்கொண்டார். மாஸ்டர் டெய்லரக்கா கையிலிருந்த டம்ளரை வாங்கி அந்த இடுக்குக்கு நேராகப் பிடித்தார்.

“எம்பொண்ணு குடிச்சா சார். இந்த வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து இதத்தான் குடிச்சா. தாகம்னா குடிச்சா. அதுல என்ன இருக்குன்னு ஒரு வார்த்தை கேக்கல. நீங்க சொல்லுங்க சார். அதுல என்ன?”

ஆணையர் கண்களை இறுக மூடிக்கொண்டார். டம்ளரோடு நின்றவர்கள் ஒருவரும் நகரவில்லை.